அலோர் ஸ்டாரில் இருந்த இந்தியா

இந்தியாவை நான் முதன்முதலில் பார்த்தது அலோர் ஸ்டாரில். கப்பல் ஏறவில்லை, விமானம் ஏறவில்லை. மாமா ஓட்டிய மணல் லாரியின் முன்னிருக்கையில் அம்மாவின் மடியில் தம்பியும் கதவோரம் நானுமாக உட்கார்ந்து, எங்கள் ரப்பர் தோட்டம் இருந்த பாடாங் மேஹாவிலிருந்து ஒரு காலைப்பொழுது முழுக்கப் பயணம் செய்து போய்ச் சேர்ந்தோம். இந்தியாவின் வாசலில் ஒரு சிமெண்ட் யானை நின்றது. அதற்குத் தும்பிக்கை இல்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. அரிசி ஆலை வைத்திருந்த ஒரு சீன முதலாளி ஜப்பானுக்குப் போய், அங்கே ஏதோ ஒரு பெரிய உலகக் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். எல்லாரும் அவரைத் தவுக்கே என்றுதான் அழைப்பார்கள். வந்த வேகத்தில், பட்டணத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, நெல்வயல்களுக்கு நடுவில் தனக்கிருந்த மேட்டு நிலத்தில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவைக் கட்டிவிட்டார். ராட்டினம், மோதும் கார், குட்டி ரயில் எல்லாம் உண்டு. ஆனால் அவர் நெஞ்சை நிமிர்த்திக் காட்டியது, அவற்றுக்குப் பின்னால் வரிசையாக நின்ற ஐந்து கூடங்களைத்தான். ஒவ்வொரு கூடமும் ஒரு நாடு. ஜப்பான், சயாம், ஹாலந்து, எகிப்து, கடைக்கோடியில் இந்தியா. விமானத்தில் போக வசதியில்லாத மலேசியாவின் கெடா மாநிலத்து மக்களுக்கு ஒரே பிற்பகலில் உலகத்தைக் காட்டிவிடுவது அவருடைய எண்ணம்.

ஜப்பானில் வளைந்த மரப்பாலமும் மீன்குளமும் இருந்தன. அங்கே கிமோனோ உடுத்தி, குனிந்து குனிந்து வரவேற்ற அக்கா, அலோர் ஸ்டார் தையற்கடைக்காரர் ஒருவரின் மகள். ஹாலந்தில் காற்றாலை சுற்றியது. காற்றுக்குச் சுற்றவில்லை, மோட்டாருக்குச் சுற்றியது. மரக்காலணி மாட்டிக்கொண்டு அதன் கீழே நின்ற மலாய்க்கார அண்ணன், கம்பம் என்று நாங்கள் சொல்லும் பக்கத்து மலாய்க் கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்து போகிறவர். எகிப்தின் பிரமிடுக்குள் ஐஸ்கிரீம் விற்றார்கள். அதனால் எகிப்தில் எப்போதும் கூட்டம்.

இந்தியாவுக்குத்தான் ஆரம்பத்திலிருந்தே நேரம் சரியில்லை. முதலில் அங்கே ஒரு பாம்பாட்டி இருந்தாராம். பாம்பு செத்துப்போனதும் மகுடியோடு பினாங்குக்குப் போய்விட்டார். பிறகு ஒரு துணிக்கடைக்காரர் அந்தக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, விற்காத சரக்கை அடுக்கி வைத்துக்கொண்டார். அவரும் போன பிறகு பூட்டிக் கிடந்தது. பார்த்துச் சலித்த தவுக்கே, புது வருடம் பிறந்ததும் இந்தியாவைப் பேய் வீடாக மாற்றிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

இதையெல்லாம் எங்களுக்குக் கொண்டுவந்து சொன்னவர் மாமா. அம்மாவின் தம்பி. தவுக்கேயிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். வாயில் எப்போதும் ஒரு திட்டம் இருக்கும்.

அந்த வருடம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நடத் தொடங்கியிருந்தார்கள். அம்மா பால் வெட்டிக்கொண்டிருந்த மர நிரை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெட்டவெளியானது. அப்பாவுக்கு மரம் சாய்க்கும் பக்கம் வேலை கிடைத்தது. அம்மாவுக்குக் கன்று நடும்வரை வேலை இல்லை. சும்மா இருந்து பழக்கமில்லாதவர் அம்மா. தோட்டத்துத் திருவிழாவில் கோலாட்டம் அடிக்கும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. தாளம் தப்பியவர்களுக்குக் கோலாலேயே முழங்கையில் ஒரு தட்டு விழும். அப்படிப்பட்டவர் வீட்டில் முடங்கியதும், வெண்கலப் பாத்திரங்களைத் தினமும் இருமுறை துலக்கினார். பாத்திரம் தீர்ந்ததும் எங்களைத் துலக்கினார்.

அந்த நேரத்தில்தான் மாமா வந்து வாசலில் நின்றபடியே அறிவித்தார்.

"அக்கா, உனக்கு ஒரு நாட்டையே வாங்கிட்டு வந்துருக்கேன் லா!"

"எந்த நாட்ட?"

"இந்தியாவ!"

அம்மா அவர் அருகில் போய் முகர்ந்து பார்த்தார். "குடிச்சிருக்கியாடா?"

மாமா குடித்திருக்கவில்லை. இந்தியக் கூடத்தை இடிக்க வேண்டாம், என் அக்காவிடம் கொடுங்கள், அவள் ஆளைக் கூட்டுவாள் என்று தவுக்கேயிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். பள்ளி விடுமுறை முடியும்வரை பார்ப்பதாக அவரும் ஒத்துக்கொண்டிருந்தார். அப்பா வெற்றிலையை மென்றபடி கொஞ்ச நேரம் யோசித்தார். "பிள்ளைங்களுக்கும் லீவுதானே, போயிட்டு வாயேன்" என்றார். துலக்கல் தாங்காமல்தான் அவர் அப்படிச் சொன்னார் என்பது என் எண்ணம்.

இப்படித்தான் நாங்கள் இந்தியாவுக்குப் போனோம்.

தும்பிக்கை இல்லாத யானையைக் கடந்து உள்ளே போனால், எதிர்ச் சுவர் முழுக்கத் தாஜ்மகால். சினிமா விளம்பரப் பலகை எழுதும் ஒரு சீனர் வரைந்தது. வெறும் வெள்ளைக் கட்டடம் அவருக்குப் போதவில்லை போலும், இரண்டு பக்கமும் காய்த்துத் தொங்கும் தென்னை மரங்களைச் சேர்த்திருந்தார். இடப்பக்கச் சுவரில் ஒரு மயில், சேவலின் முகத்தோடு நின்றது. நடுவில் தங்கச் சாயம் பூசிய ஓர் அரச நாற்காலி. பின்பக்கம் நாங்கள் தங்குவதற்கு ஓர் அறை. அந்த அறையின் பாதியில், புது வருடத்துக்காக வந்திறங்கிய பேய்த் தலைகள் குவிந்து கிடந்தன. காகிதக் கூழில் செய்து, நாக்கைத் தொங்கவிட்டு, கண்ணுக்குச் சிவப்பு பூசியவை. தம்பி அவற்றைப் பார்த்து அழுதான். நான் அழவில்லை. ஆனால் தம்பியை விட்டு நகரவும் இல்லை.

அம்மா ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இதுவா?"

"ஆமாக்கா."

"விளக்கமாறு எங்கடா?"

பேய்த் தலைகளைச் சாக்கில் கட்டி மூலையில் தள்ளினார். கூடத்தைக் கழுவினார். வாசலில் தண்ணீர் தெளித்து, அரிசி மாவில் பெரிய கோலம் போட்டார். எனக்குப் பாவாடை கட்டிவிட்டு யானையின் பக்கத்தில் நிறுத்தினார். நான் தொண்டை கிழிய, "மாசோக்! மாசோக்! இந்தியா!" என்று மலாயில் உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டேன். வருகிறவர்கள் கோலத்தை மிதிக்காமல் எட்டி நின்று உள்ளே பார்ப்பார்கள். தென்னை மரத் தாஜ்மகாலைப் பார்ப்பார்கள். பிறகு பிரமிடுக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விடுவார்கள். கோலத்துக்கு மரியாதை கொடுத்தே யாரும் உள்ளே வரவில்லை.

அப்பா எங்களைப் பார்க்க வந்த முதல் தடவை, யானையைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த முறை வரும்போது தோளில் ஒரு மலைப்பாம்பைச் சுமந்து வந்தது போலிருந்தது. கோணிச் சாக்கைக் கயிற்றோடு முறுக்கி, அதன்மேல் ரப்பர் பாலை ஊற்றி உறையவைத்து, மறுபடி ஊற்றி, புகையில் காட்டி எடுத்த தும்பிக்கை! சிமெண்ட் முகத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் அதைக் கட்டி, மேலே சாம்பல் நிறம் பூசினார். அது ஆடியது. இழுத்தால் நீண்டது, விட்டால் சடாரென்று திரும்பியது. வெயில் ஏறினால் ஒட்டுப்பால் நாற்றம் அடித்தது. தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கு அது நாற்றமாகவே தெரியவில்லை. பட்டணத்துப் பிள்ளைகளோ, மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தும்பிக்கையை இழுக்க வரிசையில் நின்றார்கள். "எங்கப்பா செஞ்சது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். தமிழ் தெரியாதவர்களிடமும் தமிழில்தான் சொன்னேன்.

பிள்ளைகள் வாசலுக்கு வந்தார்கள். பெரியவர்களை உள்ளே கொண்டுவந்தது ஜப்பான்.

ஒரு மத்தியானம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, ஜப்பான் அக்கா தண்ணீர் கேட்டு எங்கள் கூடத்துக்கு வந்தார். கனத்த கிமோனோவுக்குள் வியர்த்து முகமெல்லாம் பவுடர் வழிந்திருந்தது. அம்மா அவரைப் பார்த்து, "ஐயோ, இந்த வெயில்ல இதென்னடி கம்பளி" என்றபடி பின்னறைக்குக் கூட்டிப்போனார். அம்மா பேசிய தமிழ் அவருக்குப் புரியாது, அவர் பேசிய சீனம் அம்மாவுக்குப் புரியாது. ஆனால் வெளியே வந்தபோது ஜப்பான் அக்கா, அம்மாவின் மஞ்சள் நூல்சேலையில், நெற்றியில் பொட்டோடு வந்தார். கண்ணாடியில் தன்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஒரு சுற்றுச் சுற்றினார். கிமோனோவைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு, அப்படியே மரப்பாலத்தின்மேல் நடந்து ஜப்பானுக்குத் திரும்பினார்.

அங்கே ஜப்பானைப் பார்க்க வந்திருந்த பெண்கள் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கூட்டம் அப்படியே எங்கள் வாசலுக்கு வந்தது.

அன்றிலிருந்து இந்தியாவின் கதை மாறியது. அம்மாவிடம் இருந்தவை மூன்று நல்ல சேலைகள். மாமா லாரியில் தோட்டத்துக்குப் போய், தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் கேட்டு வாங்கி, ஒரு மூட்டை சேலை கொண்டுவந்தார். கூரைப்புடவையைக்கூட நம்பிக் கொடுத்தவர்கள் உண்டு. சீனப் பெண்கள், மலாய்ப் பெண்கள், பள்ளி ஆசிரியைகள், தாதிகள் என்று வந்தவர்களுக்கெல்லாம் அம்மா சேலை கட்டிவிட்டார். வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டு, கொசுவம் மடித்து, இடுப்பில் ஒரு தட்டுத் தட்டிச் செருகுவார். அந்தத் தட்டில் எல்லாரும் ஒருமுறை நிமிர்வார்கள். பிறகு தங்க நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். தலைத்துணியோடு சேலை எப்படி என்று தயங்கிய மலாய் அம்மாவுக்கு, முந்தானையைத் தலைக்குமேல் சுற்றி இன்னொரு விதமாகக் கட்டிவிட்டார். ஹாலந்து அண்ணன் தன் தங்கையை அழைத்துவந்து காட்டினார்.

வெள்ளிக்கிழமைகளில் தோட்டத்திலிருந்து கோலாட்டப் பெண்கள் லாரியில் வந்தார்கள். பாட்டு எடுத்துக் கொடுப்பவர் எங்கள் லயத்துக் கத்தோலிக்க அத்தை. ஞாயிறு பூசையில் மாதா பாட்டுப் பாடும் அதே குரலால் அவர் கண்ணன் பாட்டை எடுத்தால் யானைத் தும்பிக்கையும் ஆடும். இளைஞர்கள் உறுமி மேளத்தோடு வந்தார்கள். உறுமி ஒருமுறை உறுமினால் எகிப்தில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் உருகவிட்டுக்கொண்டே ஓடிவருவார்கள். அம்மா வேடிக்கை பார்ப்பவர்கள் கையிலும் கோலைக் கொடுத்து வட்டத்துக்குள் இழுத்துவிடுவார். தாளம் தப்பினால் தட்டும் உண்டு, எந்த நாட்டுக்காரராக இருந்தாலும்.

தவுக்கே ஒரு நாள் வந்து வாசலில் நின்று பார்த்தார். அம்மாவை அவர் "தங்காச்சி" என்றுதான் கூப்பிடுவார். அன்று ஆட்டம் முடியும்வரை நின்றுவிட்டுப் போனார். பிறகு ஆளை அனுப்பி, பேய்த் தலைகளைப் பின்னறையிலிருந்து எடுத்துப்போகச் சொன்னார். தம்பி நிம்மதியாகத் தூங்கினான். ஆனால் அவை ஜப்பான் கூடத்தின் பின்பக்கம்தான் போயிருக்கின்றன, தவுக்கே இன்னும் முடிவு செய்யவில்லை என்று மாமா சொன்னார்.

முடிவு செய்யும் நாளும் வந்தது. இந்தியாவிலிருந்து ஒரு பெரிய கம்பெனி அதிகாரி தவுக்கேயின் ஆலைக்கு இயந்திரம் விற்பது பற்றிப் பேச வருகிறார் என்றும், அவரைப் பூங்காவுக்கு அழைத்து வந்து இந்தியக் கூடத்தைக் காட்டப் போகிறார்கள் என்றும் செய்தி வந்தது. பத்திரிகைக்காரர்கூட வருவாராம். அதிகாரி மெச்சினால் கூடம் நிலைக்கும். முகம் சுளித்தால் பேய்கள் திரும்பி வரும்.

இந்தச் செய்தியைச் சொன்ன மாமா, சொல்லிவிட்டுப் போகாமல் சீப்பை எடுத்துத் தலை வாரினார். மறுபடி வாரினார்.

"என்னடா?" என்றார் அம்மா.

"ஒண்ணுல்லக்கா. தவுக்கேகிட்ட ஆரம்பத்துலயே ஒரு வார்த்த சொல்லி வச்சிட்டேன். நீ மெட்ராஸ்லருந்து இப்பதான் கப்பல்ல வந்து இறங்கினேன்னு."

அம்மா கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தார். "நான் எப்படா கப்பல் ஏறினேன்?"

"அப்படிச் சொன்னாத்தானே கூடத்தக் கொடுப்பாரு! நாளைக்கு அந்த ஆள் கேட்டா ஆமான்னு மட்டும் தலையாட்டிடு அக்கா. ஒரே ஒரு நாள் லா."

"நம்ம அப்பா ஒரு ஊரு பேரு சொல்லுவாரு. அந்த ஊரு எந்தத் திசையில இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. நான் என்னத்துக்குத் தலையாட்டணும்?"

மாமா அம்மாவை விட்டு என் பக்கம் திரும்பினார். என்னைத் தனியே யானையின் வயிற்றுக்குக் கீழே கூட்டிப்போய், ஓர் ஆங்கில வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள் நான். வரப்போகிறவர் தமிழ் பேசமாட்டாராம், வடநாட்டுக்காரராம். ஆகவே மொழிபெயர்ப்பாளர் வேலை எனக்கு. "மை மதர் கேம் ஃபிரம் மெட்ராஸ், இந்தியா, பை ஷிப்." அவ்வளவுதான். குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் சொல்லிப் பார்த்தேன். அம்மா மெட்ராஸிலிருந்து வந்தவரில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. ஹாலந்து அண்ணன் ஹாலந்திலிருந்தா வந்தார்?

மறுநாள் அதிகாரி வந்தார். உயரமானவர், சஃபாரி உடுப்பு, களைத்த கண்கள். தவுக்கே வெள்ளைச் சட்டையில் முன்னால் நடக்க, பத்திரிகைக்காரர் தாளும் பேனாவுமாகப் பின்னால் வந்தார். எங்கள் தோட்டமே லாரியில் வந்து நின்றது. அப்பா யானையின் தும்பிக்கையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி முதலில் தும்பிக்கையைப் பிடித்துப் பார்த்தார். அது கையிலிருந்து நழுவி அவர் முழங்காலில் அறைந்தது. தவுக்கேயின் முகம் வெளுத்தது. அதிகாரி ஒரு கணம் திகைத்து, பிறகு பள்ளிப் பையனைப் போல மறுபடியும் இழுத்துவிட்டார். உள்ளே வந்து தாஜ்மகாலைப் பார்த்தார். தங்கள் நாட்டுத் தாஜ்மகாலில் தென்னை மரம் கிடையாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார்.

உறுமி முழங்கியது. கத்தோலிக்க அத்தை பாட்டை எடுத்தார். அம்மா கோலாட்டத்தை நடத்தினார். அன்று அம்மா ஆடியதைப் போல் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரு கால் தரையில் இருக்கும்போது மறுகால் எங்கே என்று தெரியாது. கோல்கள் சேரும் சத்தம் மழை போலக் கேட்டது. அதிகாரி நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். உறுமி மேளத்தை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆட்டம் முடிந்ததும் அம்மா சுடச்சுட வடை கொண்டுவந்து வைத்தார். அவர் சாப்பிட்டார், மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வீட்டை விட்டு வந்து வெகுநாளாகிவிட்டது என்று தவுக்கேயிடம் சொன்னார்.

பிறகு எழுந்து அம்மாவின் முன்னால் வந்து கைகூப்பினார். முதலில் இந்தியில் ஏதோ கேட்டார். அம்மா விழித்தார். அவர் ஆங்கிலத்துக்கு மாறினார். "விச் பார்ட் ஆஃப் இந்தியா ஆர் யூ ஃபிரம்?" இந்தியாவில் எந்தப் பகுதி நீங்கள்?

பத்திரிகைக்காரர் பேனாவைத் தாளில் வைத்தார். தவுக்கே என்னைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே "சொல்லு" என்றார். நான் ஓரடி முன்னால் வந்து, மூச்சை இழுத்து, "மை மதர்" என்று தொடங்கினேன்.

அம்மாவின் கை என் தோளில் விழுந்தது. கோலாட்டத் தட்டைவிட அழுத்தமாக.

"பாடாங் மேஹா" என்றார் அம்மா.

மாமாவின் கை சீப்பைத் தேடியது. அதிகாரி நெற்றியைச் சுருக்கி, அந்தப் பெயரை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "பாடாங் மேஹா… தெற்கிலா?"

"யெஸ் சார்! சவுத், சவுத்!" என்றார் மாமா. அதில் பொய் இல்லை. பாடாங் மேஹா கெடாவின் தெற்கில்தான் இருக்கிறது.

அதிகாரி தலையை ஆட்டினார். தெற்குப் பக்கம் தான் போனதில்லை என்றும், மிக அழகான இடம் என்று கேள்விப்பட்டிருப்பதாகவும் சொன்னார். அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பத்திரிகைக்காரர் பாடாங் மேஹா என்று எழுதிக்கொண்டதை நான் எட்டிப் பார்த்தேன். பெயர் சரியாக இருந்தது. தவுக்கேயும் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். கெடாவில் பிறந்து வளர்ந்தவர், பாடாங் மேஹா எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தவுக்கே பெரிதாகச் சிரித்தார். அன்று சாயங்காலமே பேய்த் தலைகளை லாரியில் ஏற்றி எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த வருடம் முதல் பிரமிடுக்குள் ஐஸ்கிரீமோடு பேயும் கிடைத்தது.

இந்தியா நிலைத்தது. மறு வருடம் தவுக்கே கூரையைச் சரிசெய்து, மேடை கட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு வருட இறுதி விடுமுறையிலும் அம்மா போய்க் கூடத்தைத் திறப்பார். கோலா கெத்தில் வட்டாரத் தோட்டங்களிலிருந்தெல்லாம் எங்கள் கோலாட்டக் குழுவைக் கூப்பிட ஆள் வந்தது. தும்பிக்கை வெயிலில் வெடித்துப்போகும்போதெல்லாம் அப்பா புதிது செய்து கொடுத்தார். எண்பதுகளின் நடுவில் தவுக்கே காலமான பிறகு, பிள்ளைகள் நிலத்தை விற்றார்கள். முதலில் ஹாலந்து இடிந்தது, பிறகு சயாம், பிறகு நாங்கள். இப்போது அங்கே வரிசை வீடுகள் நிற்கின்றன. அலோர் ஸ்டார் போகும்போதெல்லாம் என் பிள்ளைகளுக்கு நான் அந்த இடத்தைக் காட்டுவேன். உங்கள் பாட்டி இங்கே ஒரு நாட்டை நடத்தினார் என்று சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன்.

பூங்காவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அந்த முதல் வருடம், ஒவ்வொரு திங்களும் அம்மா எங்களை மாமாவிடம் விட்டுவிட்டுப் பட்டணத்துக்குப் பஸ் ஏறுவார். கோயிலுக்கு என்று சொல்வார். அவர் போனது அரசாங்க அலுவலகத்துக்கு என்பதை, நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகுதான் சொன்னார். அம்மா ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட போர்க்காலத்தில் பிறந்தவர். பிறந்ததற்குத் தாள் இல்லை. அதனால் அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டில் பிறந்தும் இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று சொல்லும் அட்டை. அதைப் பிரஜைகளுக்குரிய நீல அட்டையாக்கத்தான் அந்த நடை. அந்த அலுவலக முகப்பில் இருந்த அதிகாரி, எந்த ஊர்ப் பூர்வீகம் என்று கேட்பாராம். பாடாங் மேஹா என்பாராம் அம்மா. அதற்கு முன்னால்? "அதுக்கு முன்னாடி நான் பொறக்கலயே!" என்பாராம். அவரும் சிரித்துவிட்டு, தாள் கொண்டு வா, பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவாராம். நீல அட்டை அம்மாவின் கைக்கு வந்தபோது பூங்காவே இல்லை.

அன்று கூடத்தில் எனக்கு இது எதுவும் தெரியாது. மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தவர் என்று நான் சொல்லி, அதைப் பத்திரிகைக்காரர் எழுதியிருந்தால் அம்மாவின் நீல அட்டை என்ன ஆகியிருக்கும் என்பதும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தனை பெரிய மனிதர் ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி அம்மாவுக்குப் புரியவில்லை என்பதுதான். இவ்வளவு கெட்டிக்கார அம்மாவுக்கு இந்த ஒரு குறை இருக்கக் கூடாது என்று தீர்மானித்தேன். மறுநாள் காலை, அவர் வடைக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து பாடம் எடுத்தேன்.

"வேர்னா எங்க. ஃபிரம்னா அங்கிருந்து. வேர் ஆர் யூ ஃபிரம்? சொல்லும்மா."

அம்மா அழகாகத் திருப்பிச் சொன்னார். உச்சரிப்பு என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

"இப்ப நான் கேக்குறேன், நீ பதில் சொல்லணும். வேர் ஆர் யூ ஃபிரம்?"

"பாடாங் மேஹா."

"இல்லம்மா, இந்தியாக் கூடத்துல யாராவது கேட்டா மெட்ராஸ்னு சொல்லணும். மறுபடி கேக்குறேன். வேர் ஆர் யூ ஃபிரம்?"

அம்மா ஆட்டுக்கல்லை நிறுத்தாமல், உளுந்தை உள்ளே தள்ளியபடி, என் முகத்தைப் பார்த்து, தெளிவாக, நிதானமாக மறுபடியும் அதையே சொன்னார். அம்மாவுக்கு ஆங்கிலம் ஏறவே ஏறாது என்று அன்றைக்கே எனக்கு உறுதியாகிவிட்டது.